புதன் சாப்பாடு இல்லை

எங்கள் ஊர்க்காரர்கள் வானிலை அறிக்கையை நம்புவதில்லை. தொலைக்காட்சியில் வரைபடத்துக்கு முன்னால் நின்று கையை ஆட்டுகிறவர் வருஷத்துக்கு நாலு தடவை "பனி வரும்" என்பார். மறுநாள் வெயில் பல்லைக் காட்டும். தொண்ணூற்று மூன்றாம் வருஷம் மார்ச் மாதப் பாதியில் "முழங்காலுக்கு மேல் வரும், வெளியே போகாதீர்கள்" என்று தொண்டை கிழியக் கத்தினார். அலபாமாவில், அதுவும் மார்ச்சில், முழங்கால் பனியா என்று சிரித்தோம். வந்தது. ஒன்பது நாள் மின்சாரம் இல்லை. அன்றிலிருந்து பனி என்ற சொல் காதில் விழுந்தாலே பைனி ஃபோர்க் ஊருக்கு ரொட்டியும் பாலும் முட்டையும் வேண்டும். ஏன் இந்த மூன்று மட்டும் என்று கேட்கக்கூடாது. பாலைக் கண்டாலே குமட்டுகிறவனும் இரண்டு கேன் வாங்கி வைத்தால்தான் தூங்குவான்.

ஆனால் எப்போது கடைக்கு ஓடுவது என்பதற்கு ஊரில் வேறொரு குறி இருந்தது. பிஸ்கா பாப்டிஸ்ட் சபையில் புதன்கிழமை மாலைச் சாப்பாடு நடக்கிறதா என்று பார்ப்பார்கள். இருபத்தேழு வருஷமாக அந்தச் சாப்பாடு ஒரு புதன்கூட நின்றதில்லை. தொண்ணூற்று மூன்றிலும் நிற்கவில்லை. சபைச் சமையலறையில் காஸ் அடுப்பு. சமைக்கிறவள் ஓவீட்டா ஸ்கெல்டன். யாரோ ஒரு பண்ணைக்காரனின் டிராக்டரில் தொற்றிக்கொண்டு பனிக்குள் வந்து இறங்கி உலை வைத்தாள். "ஓவீட்டா என்றைக்கு அடுப்பை அணைக்கிறாளோ அன்றைக்கு ரொட்டி வாங்கு" என்பது அதற்கப்புறம் ஊரில் பழமொழியாகவே ஆகிவிட்டது. வேடிக்கையாகத்தான் சொன்னார்கள். வேடிக்கையாகச் சொன்னதைத்தான் ஊர் கடைசியில் வேதவாக்காக எடுத்துக்கொள்ளும்.

தொண்ணூற்றாறு ஜனவரியில் ஓவீட்டாவுக்கு அறுபத்தேழு வயது. முப்பத்தோரு வருஷம் காலுறை ஆலையில் வேலை. காலுறையின் விரல்பக்கத்தைத் தைத்து மூடுவது. இந்த மாவட்டத்தில் பாதிப் பேருடைய கால்விரல்களை நான்தான் குளிரிலிருந்து காப்பாற்றினேன் என்பாள். கணவர் டாயில் இறந்து பன்னிரண்டு வருஷமாகிவிட்டது. பிள்ளைகள் இல்லை. ஒற்றைக்கண் பூனை ஒன்று உண்டு. கடை ரொட்டியை வாழ்நாளில் காசு கொடுத்து வாங்கியதில்லை. இரும்புச் சட்டியில் சோள ரொட்டி சுடுவாள். "காத்தை அடைச்சு விக்கிறான், அதையும் துண்டு போட்டு விக்கிறான்" என்று கடை ரொட்டியைப் பழிப்பாள். சமையலறைச் சாவி ஆலை நூலில் கோத்து அவள் கழுத்தில் கிடக்கும். குளிக்கும்போதும் கழற்றமாட்டாள் என்று பேச்சு. சபையில் யாரும் அவளுக்குச் சம்பளம் கொடுத்ததில்லை, அவளும் கேட்டதில்லை.

வாய் மட்டும் சும்மா இருக்காது. தட்டை நீட்டுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு திட்டு உண்டு. குண்டாகிவிட்டாய், இளைத்துவிட்டாய், போன வாரம் ஏன் வரவில்லை, இந்தச் சட்டையை எந்தக் குப்பையில் எடுத்தாய். திட்டிக்கொண்டே இன்னொரு கரண்டி வைப்பாள். அதனாலேயே ஊருக்கு ஒன்று தோன்றாமல் போயிற்று. இவளுக்கு நிஜமாகவே கோபம் வரும் என்று யாரும் நினைத்ததேயில்லை.

சமையலில் அவளுக்கு எத்தனையோ விதிகள். கோழி வேகும்போது மூடியைத் திறக்கக்கூடாது, சோள ரொட்டியில் சர்க்கரை போடுகிறவன் நரகத்துக்குப் போவான், இப்படி. சாப்பிட வருகிறவர்கள் விஷயத்தில் ஒரே விதி. யாரிடமும் பெயர் கேட்கக்கூடாது. இதற்குக் காரணம் இருந்தது. அவளுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது, அப்பாவுக்கு வேலை போன குளிர்காலத்தில், அம்மா அவளை ஒரு சர்ச்சுக்குக் கூட்டிப் போனாள். வாசலில் மேஜை போட்டு ஒரு பெண்மணி காகிதத்தில் விரலை ஓட்டிக்கொண்டிருந்தாள். மேலிருந்து கீழே ஓட்டினாள், மறுபடி ஓட்டினாள். "உங்க பேரு இதுல இல்லையேம்மா" என்றாள். உள்ளே அவரைக்கொட்டைச் சூப் கொதிக்கிற மணம் வந்தது. அம்மா "பரவாயில்லைங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். அந்தப் "பரவாயில்லைங்க" என்ற வார்த்தையை ஓவீட்டா ஆயுசுக்கும் மன்னிக்கவில்லை.

அப்படிப்பட்டவளிடம்தான் ட்ரூயட் மேப்ரி ஒரு பட்டியலைக் கொண்டுவந்து நீட்டினார்.

ட்ரூயட் சபை நிர்வாகம் பார்க்கிற மூத்த டீக்கன். கடைத்தெருவில் இரும்புக்கடை வைத்து ஓய்வு பெற்றவர். கெட்ட மனிதர் இல்லை. ஆணிகளை அங்குலவாரியாகப் பிரித்து டப்பாவில் போட்டே நாற்பது வருஷம் கழித்தவருக்கு மனிதர்களும் அப்படியே பிரிந்து நின்றால் தேவலை என்று தோன்றும், அவ்வளவுதான். முந்தின இலையுதிர்காலத்தில் கோழி ஆலையில் புது ஷிப்ட் தொடங்கியதிலிருந்து புதன்கிழமை கூட்டம் அதிகம். இரண்டு தடவை சபையாருக்கே கோழி போதாமல் போயிற்று. வந்தவர்களில் பாதிப் பேர் சாப்பிட்டுவிட்டு, ஜெபக்கூட்டம் தொடங்குவதற்குள் பக்கவாட்டுக் கதவு வழியாக நழுவினார்கள். டீக்கன்மார் கூடி முடிவெடுத்தார்கள்: இனிமேல் சாப்பிட வருகிறவர்கள் திங்கட்கிழமை மத்தியானத்துக்குள் சபை அலுவலகத்தில் பெயர் எழுத வேண்டும். எழுதியவர்களுக்குத்தான் தட்டு.

அந்தத் திங்கட்கிழமை மத்தியானம் ட்ரூயட் சமையலறைக்கு வந்தார். வயதான பெண்களை, கல்யாணமானவர்களானாலும், மிஸ் என்றுதான் எங்கள் ஊரில் மரியாதையாகக் கூப்பிடுவோம்.

"மிஸ் ஓவீட்டா, கோவிச்சுக்காதீங்க. நாப்பத்தோரு பேரு. நாப்பத்தோரு தட்டு. உங்களுக்கும் எவ்வளவு சௌகரியம் பாருங்க."

"எழுதாதவன் வந்தா?"

"அடுத்த வாரம் எழுதட்டும்."

"அதுவரைக்கும் வயித்தைக் கழட்டி எங்க வைக்கிறது? உன் கடையில டப்பா எதுவும் காலியா இருக்கா?"

"சும்மா பேரு எழுதுறதுல என்னங்க கஷ்டம்? ஒரு நிமிஷ வேலை."

ஓவீட்டா பட்டியலை வாங்கிப் பார்த்தாள். நாற்பத்தொன்றில் ஹாய்ட் பிளெட்சோவின் பெயர் இல்லை. இருக்காது என்று அவளுக்குத் தெரியும். ஹாய்ட் கோழி ஆலையில் உயிர்க்கோழிகளைக் கொக்கியில் மாட்டுகிறவன். ஐம்பது வயதுக்காரன். ஓடைக்கரையில் பழைய டிரெய்லர் வண்டி வீட்டில் தனியாக இருக்கிறான். எட்டு வருஷமாக ஒவ்வொரு புதனும் பக்கவாட்டுக் கதவு வழியாக வருவான், மேஜைக் கோடியில் உட்கார்ந்து சாப்பிடுவான், கேட்காமலே பெரிய அண்டாக்களைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டுப் போவான். அவனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அது ஓவீட்டா ஒருத்திக்குத்தான் தெரியும். அலுவலகத்தில் பேனாவைக் கையில் கொடுத்து எழுதச் சொன்னால், அவன் பட்டினி கிடந்தாலும் கிடப்பானே தவிர, எனக்குத் தெரியாது என்று சொல்லமாட்டான். அவன் மானத்தைக் காப்பாற்ற வேண்டும் என்றால் அவளும் அதைச் சொல்ல முடியாது.

"தெரிஞ்சவங்க யாராச்சும் விட்டுப்போயிருந்தா நீங்களே எழுதிடுங்களேன்" என்றார் ட்ரூயட்.

"தெரிஞ்சவன் பேரை எழுதிடலாம். தெரியாதவன் ஒருத்தன் புதன்கிழமை பசியோட வருவான். அவன் பேரை எவன் எழுதுறது?"

ட்ரூயட் பட்டியலை அட்டையோடு ஆணியில் மாட்டிவிட்டுப் போனார். ஆணியும் அவரே கொண்டுவந்திருந்தார்.

ஓவீட்டா ஏப்ரனைக் கழற்றினாள். அடுப்பு, ஆற விட்டிருந்த கோழிச்சாறு, எல்லாவற்றையும் பார்த்தாள். கோழிச்சாற்றைக் குளிர்பெட்டியில் வைத்தாள். அது என்ன பாவம் செய்தது. பிறகு எழுத்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு சாலையோரத்துச் சபைப் பலகைக்குப் போனாள். ஒவ்வொரு எழுத்தாகச் சொருகுகிற பலகை அது. அவள் போட நினைத்தது இது: புதன் சாப்பாடு இல்லை, பட்டியல் ஒழியும்வரை. முதல் பாதியைச் சொருகினாள். இரண்டாம் பாதிக்குப் பெட்டியில் எழுத்து போதவில்லை. தேவையான எழுத்தெல்லாம் பலகையின் மறுபக்கத்தில், ஞானிகள் இன்றும் அவரைத் தேடுகிறார்கள் என்ற கிறிஸ்துமஸ் வாசகத்தில் மாட்டிக்கொண்டிருந்தன. அந்தப் பக்கக் கண்ணாடியின் சாவி போதகரிடம். போதகர் பர்மிங்ஹாமில். பாதி போதும் என்று வீட்டுக்குப் போனாள்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்தது என்பது இதுதான்.

செவ்வாய் காலை உள்ளூர் ரேடியோக்காரர் வேலைக்கு வருகிற வழியில் பலகையைப் பார்த்தார். மாட்டு விலைக்கும் மரண அறிவிப்புக்கும் நடுவே குரலைக் கொஞ்சம் தாழ்த்தி வாசித்தார்: "பிஸ்கா பாப்டிஸ்ட் சபையில் நாளைய புதன்கிழமைச் சாப்பாடு இல்லை." வேறொன்றும் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியதில்லை. ஒன்பது மணிக்குப் பள்ளிக்கூடம் மத்தியானத்தோடு விடும் என்றார்கள். பள்ளிக்கூடமே விடுகிறது என்று வங்கியை மூடினார்கள். வங்கியே மூடிவிட்டது என்று கோழித்தீவன மண்டியை மூடினார்கள். தொலைக்காட்சிக்காரர் "லேசான மழை, மலை உச்சியில் நாலு பொட்டுப் பனி" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அவரை யார் கேட்டார்கள். ஊர் போகிற போக்கைப் பார்த்து அவரே பயந்துபோய் ஓர் அம்புக்குறியைக் கூடுதலாக ஒட்டினார் என்கிறார்கள். அதை நான் நம்பவில்லை.

ஓவீட்டாவுக்கு இது எதுவும் தெரியாது. அவள் ரேடியோ கேட்பதில்லை. மூன்று மணிக்குப் பூனைத்தீனி வாங்க வென்டல் பிக்லரின் மளிகைக்கடைக்குப் போனாள். வண்டி நிறுத்த இடமில்லை. யாரோ பெரிய மனிதர் செத்துவிட்டார் போல என்று நினைத்துக்கொண்டே உள்ளே போனாள்.

உள்ளே சந்தைக்கூச்சல். ரொட்டி அடுக்கு வெறிச்சென்று கம்பி தெரிய நின்றது. பால் பெட்டியில் ஒரு கேன்கூட இல்லை. ஒருத்தி சாக்லேட் பாலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினாள். முட்டைக்காக இரண்டு டயர்க்கடைக்காரர்கள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். வென்டல் மீன் டப்பா அடுக்கு மேல் ஏறி நின்று "தள்ளாதீங்க, வரிசையில வாங்க" என்று கத்தினார். ஓவீட்டாவைப் பார்த்ததும் கூட்டம் சட்டென்று வழி விட்டது. காசாளர் ட்வைலா கைவேலையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"மிஸ் ஓவீட்டா, எத்தனை அங்குலம்?"

"எதும்மா?"

"மறைக்காதீங்க. ஆறா, எட்டா? எங்க வீட்ல ஜெனரேட்டர் இல்லைங்க."

"என்னடி உளர்ற? பூனைத்தீனி எங்க இருக்கு?"

"பார்த்தீங்களா, பூனைக்குக்கூட சேர்த்து வைக்கிறாங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல் நடுங்கியது. உடனே மூன்று பேர் பூனைத்தீனிப் பக்கம் ஓடினார்கள். அதில் இரண்டு பேர் வீட்டில் பூனை கிடையாது.

விஷயம் அப்போதுதான் ஓவீட்டாவுக்குப் புரிந்தது. முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் சிரிப்பு வரவில்லை. வெறும் கூடையைத் தரையில் வைத்துவிட்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"இங்க பாருங்க. பனியும் இல்ல, கினியும் இல்ல. எனக்குக் கோவம். அதான் சமைக்கல."

ட்வைலா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"நாம பயந்துடக்கூடாதுன்னு எப்படிச் சொல்றாங்க பாருங்க. தங்கமான மனசு."

"தங்கமும் இல்ல தகரமும் இல்ல! எனக்குக் கோவம்னு சொல்றேன்ல!"

"சரிங்க, சரிங்க" என்றார்கள். அவசரமாக மெழுகுவர்த்தி அடுக்குப் பக்கம் நகர்ந்தார்கள்.

அந்த நேரத்தில்தான் ஹாய்ட் வந்தான். வேலை முடிந்து நேரே வந்திருந்தான். சட்டைத்தோளில் கோழி இறகு ஒட்டியிருந்தது. செவ்வாய்க்கிழமைகளில் ஒரு ரொட்டி வாங்குவான், அது அவனுக்கு ஒரு வாரம் வரும். ரொட்டி அடுக்கு முன்னால் நின்று வெறும் கம்பியைப் பார்த்தான். பால் பெட்டியைப் பார்த்தான். ஒரு பீட்ரூட் டப்பாவை எடுத்தான், திருப்பிப் படத்தைப் பார்த்தான், கையில் வைத்துக்கொண்டான். ஓவீட்டாவைக் கண்டதும் தொப்பியைத் தொட்டான்.

"ரொட்டி தீர்ந்துபோச்சாங்க?"

"போச்சு."

"பரவாயில்லைங்க" என்றான் ஹாய்ட்.

அந்த ஒரு வார்த்தையில் ஓவீட்டாவுக்கு உள்ளே எதுவோ அறுந்தது. இவனுக்காகத்தான் அடுப்பை அணைத்தாள். அடுப்பை அணைத்ததால் இவனுக்கு இருந்த ஒரு ரொட்டியும் போயிற்று. தன் மேலேயே வந்த ஆத்திரத்தில் காது சுட்டது. அப்போது கண்ணில் பட்டது ஒரு தள்ளுவண்டி. ரொட்டி, ரொட்டிக்கு மேல் ரொட்டி. நாலு கேன் பால். நாலு டஜன் முட்டை. அதன் பின்னால், முகத்தைத் தானிய டப்பா அடுக்குப் பக்கம் திருப்பிக்கொண்டு, ட்ரூயட் மேப்ரி.

"ட்ரூயட்."

"மிஸ் ஓவீட்டா." அவர் திரும்பினார். காதுவரை சிவந்திருந்தது.

"ஊருக்குத் தெரியாது, சரி. உனக்கு நான் எதுக்குப் பலகை போட்டேன்னு தெரியுமா தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா இத்தனை ரொட்டி?"

"என் வீட்டுக்காரி ஃபேநெல்தான் அனுப்பிச்சா. நான் அவகிட்ட சொன்னேன். இது பட்டியல் விவகாரம், பனி இல்லன்னு சொன்னேன். ஒருவேளை ரெண்டுமா இருந்துட்டா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டா." குரலைத் தாழ்த்தினார். "பனி வர்றதுக்கு முன்னாடி வலிக்குமே, அந்த மாதிரி உங்களுக்கு முழங்கால் கிழங்கால் வலிக்குதா? உண்மையைச் சொல்லுங்க."

ஓவீட்டா விரலை நீட்டி ரொட்டிகளை எண்ணினாள், சத்தமாக. பதினொன்று. கடை அடங்கிவிட்டது. டயர்க்கடைக்காரர்கள்கூட முட்டையைக் கீழே வைத்துவிட்டார்கள்.

"பதினோரு ரொட்டி. திங்கக்கிழமை மத்தியானத்துக்குள்ள பேரு எழுதினியா ட்ரூயட்?"

ட்ரூயட் தள்ளுவண்டியை ஓர் அடி பின்னுக்கு இழுத்தார்.

"வென்டல்! இந்த ரொட்டிக்கெல்லாம் ட்ரூயட் மேப்ரி பேரு எழுதியிருக்காரா? பட்டியல்ல இருக்கா?"

"என்கிட்ட பட்டியல் எதுவும் இல்லைங்களே" என்றார் மீன் டப்பா மேலிருந்து வென்டல்.

"அப்ப அடுத்த வாரம் வரட்டும்."

சொல்லிவிட்டு வண்டியிலிருந்து இரண்டு ரொட்டியையும் ஒரு கேன் பாலையும் எடுத்து ஹாய்ட்டின் கையில் திணித்தாள். அவன் கூச்சத்தில் நெளிந்தான். "பிடிடா. காசு நீ வென்டலுக்குக் குடுக்கப் போற, யாரும் உனக்குச் சும்மா தரல" என்று அதட்டினாள். அவன் பீட்ரூட் டப்பாவை அது இருந்த இடத்திலேயே ஒழுங்காக வைத்துவிட்டு வரிசைக்குப் போனான்.

ட்ரூயட்டின் முகம் இறுகிவிட்டது. இரும்புக்கடைக்காரரை நாலு பேர் முன்னால் எண்ணிக் காட்டினால் தாங்குவாரா.

"நாளைக்குச் சபைக் கூட்டம் இருக்கு. அஞ்சு மணிக்கு வெச்சுக்கலாம், சாப்பாடுதான் இல்லையே. சாவியைக் கொண்டு வாங்க."

"சாவி எங்கயும் போகாது. கழுத்துலதான் கிடக்கும்" என்றாள் ஓவீட்டா. பூனைத்தீனி தீர்ந்துபோயிருந்தது. வெறுங்கையோடு வீட்டுக்குப் போய்ப் பூனைக்குத் தன் பங்குச் சோள ரொட்டியைப் பிட்டுப் போட்டாள்.

புதன் காலை விடிந்தது. என்ன விடியல்! ஏப்ரல் மாதம் வழி தவறி ஜனவரிக்குள் வந்த மாதிரி வெயில். வானத்தில் ஒரு துணுக்கு மேகம் இல்லை. ஒற்றைக்கண் பூனை கூரை மேல் மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தது. ஊரில் ஒவ்வொரு வீட்டுக் குளிர்பெட்டியும் மூடமுடியாமல் பால். ஒவ்வொரு அடுப்படியிலும் ரொட்டி மலை. இருட்டில் மாட்டிக்கொள்வோம் என்று முன்தினம் நடுங்கியவர்கள் எல்லாம் மத்தியானத்துக்குள் கோபத்துக்கு வந்தார்கள். ஓவீட்டா நம்மை முட்டாளாக்கிவிட்டாள் என்றார்கள். மன்னிப்புக் கேட்கட்டும் என்றார்கள். நேற்றுத் தங்கமான மனசு என்று சொன்ன அதே வாய்.

ஐந்து மணிக்குச் சபையில் ஈஸ்டருக்கு வருவதைவிடக் கூட்டம். போதகர் பிரதர் கென்ட் பர்மிங்ஹாமிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார்; விஷயம் பாதி புரிந்தும் புரியாமலும் மேடையில் விழித்தார். ட்ரூயட் எழுந்து நிதானமாகத்தான் பேசினார். ஒழுங்கு வேண்டும் என்றார். தட்டு எத்தனை என்று தெரியாமல் எந்தச் சமையலும் நடக்காது என்றார். அதில் தப்பில்லை. "மிஸ் ஓவீட்டாவுடைய சேவையை யாரும் மறக்கல. ஆனா சமையலறை சபையோடது. ஒரு ஆளு நெனச்சா மூடலாம், நெனச்சா தெறக்கலாம்னா அது சரியில்ல. சாவியைச் சபை திரும்ப வாங்கிக்கணும்னு நான் முன்மொழியிறேன்." பின் வரிசையில் ஒருவர் வழிமொழிந்தார். "மன்னிப்பும் கேக்கணும்" என்று இன்னொருவர் சேர்த்தார். அவர் வீட்டில் ஆறு கேன் பால்.

ஓவீட்டா எழுந்தாள். அந்தச் சாவி அவளுக்கு என்ன என்று அந்தக் கூட்டத்தில் யாருக்கும் தெரியாது. வீட்டில் ஒரு நாற்காலி, ஒரு பூனை. வாரத்தின் மற்ற ஆறு நாளும் அந்தப் புதனுக்காகத்தான் விடிந்தன. கையை முன் பெஞ்சின் முதுகில் ஊன்றிக்கொண்டாள்.

"நான் பலகையில போட்டது மூணு வார்த்தை. புதன் சாப்பாடு இல்லை. அதுல பனின்னு ஒரு வார்த்தை இருந்துச்சா? புயல்னு இருந்துச்சா? இல்ல. நீங்களா படிச்சுக்கிட்டீங்க. ஏன் தெரியுமா? வானம் இடிஞ்சு தலையில விழும்னு உங்களால நம்ப முடிஞ்சுது. ஓவீட்டாவுக்குக் கோவம் வரும்னு மட்டும் நம்ப முடியல. இருபத்தேழு வருஷம். ஒருத்தராச்சும் என் வீட்டுக் கதவைத் தட்டி, ஏன் ஓவீட்டா, என்னாச்சுன்னு கேட்டீங்களா? நேரா ரொட்டி வாங்கத்தானே ஓடினீங்க?"

யாரோ இருமினார்கள். யார் என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"கடையில நேத்து உங்க மூஞ்சியெல்லாம் பார்த்தேன். நாளைக்குச் சோறு இருக்குமோ இருக்காதோன்னு பயம். ஒரு நாள், ஒரே ஒரு நாள் அந்தப் பயம் வந்ததுக்கே டயர்க்கடைப் பசங்க ரெண்டு பேரும் அடிச்சுக்கப் பார்த்தாங்க. அந்தப் பயத்தோடயே வருஷம் பூராவும் இருக்கிறவன் பக்கவாட்டுக் கதவு வழியா வர்றான். அவனைப் பார்த்து, உன் பேரு இதுல இல்லையேப்பான்னு நான் சொல்லணுமா? சொல்லமாட்டேன். மன்னிப்பும் கேக்கமாட்டேன். இதோ சாவி." நூலோடு வெளியே இழுத்துக் காட்டினாள். "நானா கழட்டித் தரமாட்டேன். யாருக்கு வேணுமோ வந்து கழுத்துலேர்ந்து எடுத்துக்குங்க."

உட்காரவில்லை. நின்றுகொண்டே இருந்தாள்.

சாது மிரண்டால் காடு கொள்ளாது என்பார்கள். ஓவீட்டா சாதுவும் இல்லை, பிஸ்கா சபை காடும் இல்லை. ஆனால் அன்றைக்கு அந்தக் கூடத்தில் மூச்சுவிட இடமில்லாமல்தான் போயிற்று. பிரதர் கென்ட் ட்ரூயட்டைப் பார்த்தார். ட்ரூயட் தன் காலணியைப் பார்த்தார். முன்மொழிந்தவருக்கும் எழுந்து போய் அந்தக் கழுத்தில் கை வைக்கக் கால் வரவில்லை.

எழுந்தது அவர் மனைவி ஃபேநெல்.

"பிரதர் கென்ட், ஒரு கேள்வி கேக்கலாமா? எங்க வீட்ல நாங்க ரெண்டு பேரு. ஒம்பது ரொட்டி இருக்கு. பதினொண்ணு இருக்க வேண்டியது, ரெண்டு வழியில கொறஞ்சுபோச்சு. நான் அதை வெச்சு என்ன பண்றது?"

எங்கோ ஒரு மூலையில் சிரிப்பு வெடித்தது, அடங்கியது, மறுபடி வெடித்தது.

"முட்டை எத்தனை இருக்கு?" என்றாள் ஓவீட்டா, இன்னும் நின்றபடி.

"நாலு டஜன்."

"பால்?"

"மூணு கேன்."

"அப்புறம் எதுக்குடி இன்னும் உக்காந்திருக்க? போய் எடுத்துட்டு வா. ஏய், பின்வரிசை! மன்னிப்புக் கேக்கச் சொன்னவரே! ஆறு கேன் பால் வெச்சிருக்கீங்களாமே. தூக்கிட்டு வாங்க."

ஓட்டெடுப்பு நடக்கவில்லை. சபைக் குறிப்பேட்டில் அந்தத் தேதிக்கு "கூட்டம் சாப்பாட்டால் கலைந்தது" என்று எழுதியிருக்கிறது, நானே பார்த்தேன். பட்டியல் விதியையும் யாரும் ரத்து செய்யவில்லை. அட்டை ட்ரூயட்டின் ஆணியில் வருஷக்கணக்காகத் தொங்கியது, வெற்றுத்தாளோடு. ஓவீட்டா அதன் மேல் கைத்துணி காயப்போட்டாள்.

அதற்கப்புறம் பதினாலு வருஷம் சமைத்தாள். எண்பத்தொரு வயதில், ஒரு ஜூலை மாதம், சாலைத் தார் உருகுகிற வெயிலில் போய்ச் சேர்ந்தாள். ரேடியோவில் செய்தி சொன்ன அன்று சாயந்திரத்துக்குள் பிக்லர் கடையில் ரொட்டியும் பாலும் தீர்ந்துவிட்டன. யாரும் யாரிடமும் சொல்லி வைத்து வாங்கவில்லை. வேறென்ன செய்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அந்தப் புதனுக்கு வருகிறேன். ஆறு மணிக்குள் சமையலறை மேஜை மேல் நூற்றிருபது ரொட்டி இருந்திருக்கும். பெரிய கல்லில் வெண்ணெய் இளகியது. முட்டையையும் பாலையும் அண்டாவில் அடித்து, ரொட்டியைத் துண்டு துண்டாக நனைத்துப் போட்டுப் பொன்னிறமாகத் திருப்பினார்கள். கடை ரொட்டி இதுக்குத்தான் லாயக்கு என்று ஓவீட்டா ஒவ்வொரு வாட்டியும் சொல்லித் தீர்த்தாள். குளிர்பெட்டியில் வைத்த கோழிச்சாறும் கொதித்தது. ட்ரூயட் மட்டும் கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். ஓவீட்டா எட்டிப் பார்த்தாள்.

"முட்டை உடைக்கத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"ஆணி அடிக்கத் தெரியுதுல்ல? வா, அதைவிடச் சுலபம்."

வந்தார். பாதி ஓடு உள்ளே விழுந்தது. திட்டு வாங்கினார். வாங்கிக்கொண்டே அடுத்த முட்டையை எடுத்தார்.

அப்போது பக்கவாட்டுக் கதவு ஒரு சாண் திறந்தது. ஹாய்ட். அவ்வளவு கூட்டத்தை எதிர்பார்க்கவில்லை போலும், வாசற்படியிலேயே நின்றான். கையில் ஒரு ரொட்டி, பிரிக்காதது. நேற்று வாங்கிய இரண்டில் ஒன்று. ஆலையில் யாரோ அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். தரையைப் பார்த்துக்கொண்டு, ட்ரூயட்டுக்கும் கேட்கிற மாதிரிதான் கேட்டான்.

"இனிமே பேரு எழுதணுமாமேங்க."

ட்ரூயட் கையில் உடைந்த முட்டையோடு ஓவீட்டாவைப் பார்த்தார். ஓவீட்டா கல்லிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உன் பேரு எனக்குத் தெரியும். தட்டை எடு."